நாற்காலியை உலுக்கியவர்கள் – 6: மெஸ் பில்லில் மூண்ட தீ

இதுவரை: 1971 பொதுத்தேர்தலில் 'வறுமையை ஒழிப்போம்' என்ற ஒற்றை முழக்கத்தோடு இந்திரா காந்தி நாட்டையே தன் பக்கம் திருப்பினார். மறு ஆண்டு குஜராத் சட்டசபையில் மொத்தமுள்ள 168 இடங்களில் 140 இடங்கள் அவருடைய காங்கிரசுக்கே போயின. கன்ஷியாம் ஓஜா முதல்வரானார். ஒன்றரை ஆண்டுகூட ஆகவில்லை. எம்.எல்.ஏ.க்களை 'பஞ்சவடி' என்ற பண்ணைவீட்டில் திரட்டி வைத்து, 1973 ஜூலையில் ஓஜாவின் நாற்காலியில் சிமன்பாய் படேல் அமர்ந்தார்.

இனி...

விடுதியில் தங்கிப் படித்தவர்களுக்கு மெஸ் பில்லைப் பற்றி விளக்கத் தேவையில்லை. அறிவிப்புப் பலகையில் அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் ஊருக்குக் கடிதம் எழுதவே கை வரும். கடிதத்தின் முதல் வரி நலம் விசாரிக்கும், கடைசி வரி பணம் கேட்கும்.

1973 டிசம்பரில் அகமதாபாத் எல்.டி. பொறியியல் கல்லூரி விடுதியில் சாப்பாட்டுக் கட்டணம் 20 சதவீதம் ஏறியது. தட்டில் விழுந்ததோ அதே ரொட்டி, அதே பருப்பு, அதே காய். டிசம்பர் 20 அன்று மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்து வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள்.

மெஸ் பில்லுக்காக ஸ்டிரைக் என்பது இந்தியாவில் எங்காவது ஒரு மூலையில் எப்போதும் நடந்துகொண்டிருக்கும். நிர்வாகம் கூப்பிட்டுப் பேசும், ஏற்றியதில் பாதியைக் குறைக்கும், மறுநாள் வகுப்பு தொடங்கிவிடும். இதுவும் அப்படித்தான் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. ஒரு விடுதியின் உணவுக்கூடத்தில் தொடங்கிய அந்தச் சண்டை, 51 நாளில் ஒரு முதல்வரை வீட்டுக்கு அனுப்பியது. மூன்று மாதம் முடிவதற்குள் 140 இடங்களோடு ஆண்ட ஒரு சட்டசபையையே இல்லாமல் ஆக்கியது.

எப்படி?

*

விடையைத் தேட விடுதியை விட்டுக் கடைத்தெருவுக்குப் போக வேண்டும்.

1972இல் நாட்டின் பல பகுதிகளில் மழை பொய்த்தது. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் கச்சா எண்ணெயைக் கட்டுப்படுத்த, உலகமெங்கும் விலை எகிறியது. 1973-74இல் இந்தியாவில் மொத்த விலைவாசி ஏறத்தாழ 20 சதவீதம் உயர்ந்தது. மாதச் சம்பளக்காரர், மில் தொழிலாளி, பிள்ளையைப் பட்டணத்தில் படிக்க வைத்த விவசாயி என்று யாருடைய வரவும் இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை.

குஜராத்துக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. பருத்தியும் நிலக்கடலையும் புகையிலையும் விளையும் மண் அது. சாப்பாட்டுத் தானியத்தில் பெரும்பங்கை வெளியிலிருந்து வாங்கியாக வேண்டும். மத்திய அரசு ஒதுக்கும் கோதுமை வந்தால்தான் ரேஷன் கடையில் வரிசை நகரும். தேவை உச்சத்தில் இருந்த அந்த நேரத்தில்தான் அந்த ஒதுக்கீட்டிலும் வெட்டு விழுந்தது.

கோதுமையாவது வெளியிலிருந்து வருவது. கடலை எண்ணெய் அப்படியல்ல. சௌராஷ்டிரத்தின் வயல்களில் விளைந்து, அங்கேயே செக்கிலும் ஆலையிலும் ஆட்டப்பட்டு, அங்கேயே விற்கப்படுவது. குஜராத்தி வீட்டு அடுப்பங்கரையில் அதற்கு மாற்று கிடையாது. சொந்த மண்ணில் விளைந்த எண்ணெய், சொந்த மக்கள் வாங்க முடியாத விலைக்குப் போனது. பதுக்கல்தான் காரணம் என்று ஊரே பேசியது. பெரிய எண்ணெய் ஆலை முதலாளிகளுக்கு மக்கள் வைத்த பெயர் 'தேலியா ராஜா', அதாவது எண்ணெய் ராஜாக்கள். 1974 பிப்ரவரியில் உத்தரப் பிரதேசத் தேர்தல் வரவிருந்தது. அந்தத் தேர்தல் செலவுக்கு எண்ணெய் ராஜாக்களிடம் முதல்வர் நிதி வாங்கினார், அதற்குக் கைமாறாகவே விலையைக் கட்டுப்படுத்தாமல் விட்டார் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. குற்றச்சாட்டை அரசு மறுத்தது. நம்பத்தான் ஆளில்லை. பஞ்சவடிப் பண்ணையில் எம்.எல்.ஏ.க்கள் அடைந்து கிடந்த கதையைப் பத்திரிகைகளில் படித்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அப்படி வந்த ஆட்சியைப் பற்றி எதைச் சொன்னாலும் மக்கள் நம்பத் தயாராக இருந்தார்கள்.

இளைஞர்களின் மனம் கட்சிகளை விட்டு விலகும் கதைகள் எல்லாவற்றிலும் இந்தக் கட்டம் வரும். விலைவாசி மட்டும் ஆட்சியைக் கவிழ்ப்பதில்லை. பஞ்சத்தைப் பொறுத்துக்கொண்ட தலைமுறைகள் இந்த நாட்டில் உண்டு. தன் பசியை வைத்து இன்னொருவர் பேரம் பேசுகிறார் என்று தோன்றும்போதுதான் பொறுமை போகிறது.

*

1974 ஜனவரி 3. இம்முறை வேலைநிறுத்தம் குஜராத் பல்கலைக்கழகத்தில். போலீஸ் வந்தது. மாணவர்களும் போலீசாரும் மோதிக்கொண்டார்கள். தடியடி பற்றிய செய்தி விடுதி விடுதியாக, ஊர் ஊராகப் பரவியது. பில் எவ்வளவு ஏறியது என்ற கேள்வியை அதோடு எல்லோரும் மறந்தார்கள். 'எங்கள் பிள்ளைகள் மேல் ஏன் கை வைத்தாய்?' என்பதே வீடுதோறும் கேள்வியானது.

ஜனவரி 7 முதல் கல்வி நிலையங்களில் காலவரையற்ற வேலைநிறுத்தம். பேராசிரியர்கள் மாணவர்களோடு நின்றார்கள். வழக்கறிஞர்கள் சேர்ந்தார்கள். இந்தக் கூட்டணியிலிருந்து உருவானதுதான் 'நவநிர்மாண் யுவக் சமிதி', புதிய நிர்மாணத்துக்கான இளைஞர் குழு. அதன் தலைவராக முன்னுக்கு வந்தவர் மனீஷி ஜானி. இலக்கியம் படித்துக்கொண்டிருந்த மாணவர்.

குழு எடுத்த முக்கியமான நிலை, கட்சிக் கொடி வேண்டாம் என்பது. ஆளும் காங்கிரஸ் மட்டுமல்ல, எதிர்க்கட்சிகளும் மேடையைப் பிடித்துவிடக் கூடாது என்பதில் அந்த இளைஞர்கள் கறாராக இருந்தார்கள். மொரார்ஜி தேசாயின் பழைய காங்கிரசும் ஜனசங்கமும் கூட்டத்துக்குள் தங்கள் ஆட்களை வைத்திருந்தன என்பதும் உண்மை. இவ்வளவு பெரிய கொந்தளிப்பை எந்த எதிர்க்கட்சி வேடிக்கை பார்க்கும்? ஆனாலும் தெருவில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் எந்தக் கட்சியின் அழைப்பையும் கேட்டு வந்தவர்கள் அல்ல.

ஜனவரி 10 அன்று அகமதாபாத்திலும் வதோதராவிலும் பந்த். தொழிற்சங்கங்களும் அதில் கைகோத்திருந்தன. பந்த் அன்றும் மறுநாளும் இரு நகரங்களும் பற்றி எரிந்தன. ரேஷன் கடைகள் தாக்கப்பட்டன. துப்பாக்கிகள் வெடித்தன.

அதுவரை தானியம், கட்டணம், கல்வி என்று நீண்டுகொண்டிருந்த கோரிக்கைப் பட்டியல் அந்த நாட்களில் ஒரே வரியாகச் சுருங்கியது. சிமன்பாய் படேல் ராஜினாமா செய்ய வேண்டும்.

*

யார் இந்தச் சிமன்பாய்?

மாணவர்களைப் பற்றி ஒன்றும் அறியாத கிழட்டு அரசியல்வாதி என்று யாராவது நினைத்தால் அது தவறு. 1950இல் வதோதராவின் மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழக மாணவர் சங்கத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் தலைவரே அவர்தான். பொருளியல் பேராசிரியராக இருந்தவர். கூட்டத்தைக் கூட்டவும் தெரியும், கலைக்கவும் தெரியும். 44 வயதில் முதல்வரான அவரை, அவர் வளர்ந்த அதே களத்திலிருந்து வந்தவர்களே எதிர்த்தார்கள். சுவர்களில் 'சிமன் சோர்' என்று எழுதினார்கள். 'சிமன் திருடன்' என்று பொருள். குழந்தைகள்கூட அதைத் தெருவில் கத்திக்கொண்டு ஓடின.

குஜராத் என்ற மாநிலத்தின் பிறப்பிலேயே மாணவர் ரத்தம் உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. தனி மாநிலம் கேட்டு 1956 ஆகஸ்ட் 8 அன்று அகமதாபாத்தில் காங்கிரஸ் அலுவலகத்தின் முன் திரண்ட மாணவர்கள் துப்பாக்கிச் சூட்டில் பலியானார்கள். இந்துலால் யாக்னிக் தலைமையில் எழுந்த அந்த மகாகுஜராத் இயக்கம்தான் 1960 மே 1 அன்று தனி மாநிலமாகக் கனிந்தது. 1974இல் தெருவுக்கு வந்த மாணவர்கள் அந்தக் கதையைத் தாலாட்டோடு கேட்டு வளர்ந்தவர்கள். மாணவர்கள் கேட்டால் டெல்லி இறங்கிவரும் என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே குஜராத்தின் வரலாறுதான்.

போராட்டத்தின் வடிவங்களைப் பாருங்கள். முதல்வருக்குப் பாடை கட்டிப் போலி இறுதி ஊர்வலம் நடத்தினார்கள். தெருவில் போலி நீதிமன்றம் அமைத்து அமைச்சர்களை விசாரித்தார்கள். சபர்மதியின் கிழக்குக் கரையில் பழைய அகமதாபாத் இருக்கிறது. அங்கே 'போள்' என்று அழைக்கப்படும் குறுகலான சந்துக் குடியிருப்புகள். வீட்டு மாடிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும். ஊரடங்கு போட்டால் தெருவில்தானே நடக்கக் கூடாது? பெண்கள் வீட்டு வாசலிலும் மாடியிலும் நின்று சாப்பாட்டுத் தட்டைப் பூரிக்கட்டையால் தட்டினார்கள். ஒரு வீட்டில் தொடங்கும் சத்தம் சந்து முழுக்கப் பரவி அடுத்த சந்துக்குத் தாவும். பம்பாயில் மிருணாள் கோரேயும் அகில்யா ரங்கணேகரும் விலைவாசிக்கு எதிராகப் பெண்களைத் திரட்டிப் பூரிக்கட்டையோடு ஊர்வலம் போன செய்தி அதற்குச் சற்று முன்புதான் நாடெங்கும் பரவியிருந்தது. அந்தச் சத்தம் இப்போது அகமதாபாத்தில் ஆட்சிக்கு அடிக்கப்படும் சாவு மணியாக மாறியது. தட்டுச் சத்தத்தை எந்தப் போலீசால் கைது செய்ய முடியும்?

மெஸ்ஸில் தொடங்கிய பிரச்சினை சமையலறைக்குள் நுழைந்துவிட்டது. இனி அது மாணவர் பிரச்சினை அல்ல என்று காந்திநகரில் புரிந்துகொண்டவர்கள் சிலர். முதல்வர் அவர்களில் ஒருவராக இல்லை. 140 எம்.எல்.ஏ.க்கள் இருக்கும்போது தெருவில் கத்துகிறவர்களால் என்ன செய்துவிட முடியும் என்ற கணக்கில் அவர் உறுதியாக இருந்தார்.

கணக்கு தப்பியது ஜனவரி 25 அன்று.

*

அன்று மாநிலம் தழுவிய பந்த். குறைந்தது 33 ஊர்களில் போலீசுக்கும் மக்களுக்கும் மோதல். 44 ஊர்களில் ஊரடங்கு. மறுநாள் குடியரசு தினம். மக்களாட்சியைக் கொண்டாட வேண்டிய நாளில் குஜராத்தின் பல நகரங்களில் மக்கள் வீட்டை விட்டு வெளியே வர முடியவில்லை.

ஜனவரி 28 அன்று அகமதாபாத்துக்கு ராணுவம் அழைக்கப்பட்டது.

ராணுவ வண்டிகள் வந்தால் ஊர் அடங்கிவிடும், கதவுகள் மூடிக்கொள்ளும் என்பது எதிர்பார்ப்பு. நடந்தது நேர்மாறு. மக்கள் வெளியே வந்து ராணுவத்தினரை வரவேற்றார்கள். போலீஸ் முதல்வரின் ஆள், ராணுவம் நம் ஆள் என்ற எண்ணம். அதிகாரிகளுக்கு இது ஆறுதலாக இருந்திருக்கலாம். ஒரு ஜனநாயகத்துக்கு இதைவிடக் கலங்க வேண்டிய செய்தி கிடையாது. தாங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த அரசைவிட, சீருடையும் துப்பாக்கியுமாக வருபவரை மக்கள் அதிகம் நம்புகிறார்கள் என்றால், அந்த அரசு ஏற்கெனவே விழுந்துவிட்டது என்றுதான் அர்த்தம். பக்கத்து நாடுகளில் இதே மனநிலை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை நாம் பார்த்திருக்கிறோம். கட்சிகள் மேல் வரும் சலிப்பு, ஜனநாயகத்தின் மேலேயே சலிப்பாக மாறும் அந்த முனையில் குஜராத் அன்று நின்றது.

டெல்லிக்கு அது புரிந்தது. உத்தரப் பிரதேசத்தில் தேர்தல் நடந்துகொண்டிருக்கும்போது இன்னொரு மாநிலம் எரிவது பிரதமருக்கு உகந்ததல்ல. ராஜினாமா செய்யுங்கள் என்று இந்திரா காந்தி சொன்னார். 1974 பிப்ரவரி 9 அன்று சிமன்பாய் படேல் பதவி விலகினார்.

வதோதராவிலும் அகமதாபாத்திலும் தெருக்கள் திருவிழாவாயின. பட்டாசு, மேளம், இனிப்பு. விடுதி மாணவர்கள் ஒரு முதல்வரை இறக்கிவிட்டார்கள்!

ஆனால் கொண்டாட்டத்துக்கு நடுவே யாரோ குடியரசுத் தலைவரின் உத்தரவை முழுசாகப் படித்தார்கள்.

*

ஆளுநர் கே.கே. விஸ்வநாதனின் பரிந்துரையில் குடியரசுத் தலைவர் ஆட்சி அமலுக்கு வந்திருந்தது. ஆனால் சட்டசபை கலைக்கப்படவில்லை, நிறுத்தி மட்டுமே வைக்கப்பட்டிருந்தது.

இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். சட்டசபையைக் கலைத்தால் எம்.எல்.ஏ.க்கள் எல்லோரும் முன்னாள்களாகிவிடுவார்கள். தேர்தல் வந்தே தீரும். நிறுத்தி வைத்தால் அவர்கள் எம்.எல்.ஏ.க்களாகவே இருப்பார்கள், சூடு ஆறிய பிறகு அதே 140 பேரும் கூடி இன்னொருவரை முதல்வராக்கலாம். பஞ்சவடிக்குப் போய்வந்த அதே ஆட்கள், வேறொரு முகம். இதற்காகவா இத்தனை பேர் குண்டடிபட்டார்கள்?

இளைஞர்கள் திரும்பவும் தெருவுக்கு வந்தார்கள். இந்த முறை அவர்கள் கேட்டது முன்பு இந்தியாவில் எந்த மாணவர் இயக்கமும் கேட்காதது. 'நாங்கள் அனுப்பிய பிரதிநிதிகளை நாங்களே திரும்ப அழைக்கிறோம்.'

இந்திய அரசியல் சட்டத்தில் அப்படி ஒரு வழியே கிடையாது. ஓட்டுப் போடலாம், ஐந்தாண்டு காத்திருக்கலாம். இடையில் பிரதிநிதி கட்சி மாறினாலும், பண்ணைவீட்டில் போய்ப் படுத்தாலும், தொகுதிப் பக்கமே வராவிட்டாலும் கொடுத்த ஓட்டைத் திரும்பக் கேட்க வாக்காளருக்கு இடமில்லை. மாணவர்களின் நிலைமை அதைவிட மோசம். அன்று ஓட்டுரிமை வயது 21. அதை 18 ஆகக் குறைக்கும் அரசியல் சட்டத் திருத்தம் வந்தது 1989இல்தான். விடுதியில் தட்டை ஏந்தி நின்ற 18, 19 வயதுப் பையன்களுக்கு 1972 தேர்தலில் ஓட்டே கிடையாது. அடிவாங்க வயது போதும், சிறைக்குப் போக வயது போதும், குண்டுக்குப் பலியாகவும் வயது போதும். யார் ஆள வேண்டும் என்று சொல்ல மட்டும் வயது போதாது!

கட்சிகள் மேல் இளைஞர்களுக்கு வரும் ஏமாற்றத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். இளைஞர்களுக்கு அரசியலில் அக்கறை இல்லை என்று ஒவ்வொரு தலைமுறையிலும் பெரியவர்கள் குறைபட்டுக்கொள்கிறார்கள். அக்கறை இல்லாதவர்களுக்கு ஏமாற்றம் வராது. எதிர்பார்த்தவனுக்குத்தான் ஏமாற்றம். வாசல் வழியாக உள்ளே வர விடாமல் வைத்திருந்தால் அவர்கள் சுவரைத்தான் இடிப்பார்கள்.

இடித்தார்கள். ஊர் ஊராகப் போய் எம்.எல்.ஏ.க்களின் வீட்டு வாசலில் உட்கார்ந்தார்கள். 'ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போடுங்கள்' என்றார்கள். பிப்ரவரி 16 அன்று பழைய காங்கிரசின் 15 எம்.எல்.ஏ.க்களும் பதவி விலகினார்கள். ஜனசங்கத்தின் மூவரும் போனார்கள். பிறகு ஆளும் காங்கிரசிலிருந்தே ஒவ்வொருவராகக் கடிதம் கொடுக்கத் தொடங்கினார்கள். மார்ச்சுக்குள் சபையில் இருந்த 167 பேரில் 95 பேர் ராஜினாமா. இந்திய ஜனநாயகத்தில் அதற்கு முன் இப்படி நடந்ததில்லை.

எல்லாரும் மனமுவந்து கையெழுத்துப் போட்டார்களா? இல்லை. மறுத்தவர்களின் வீடுகள் முற்றுகையிடப்பட்டன. சிலர் மிரட்டப்பட்டார்கள், சிலருக்கு அடியும் விழுந்தது. கடைகள் கொளுத்தப்பட்டன. நவநிர்மாண் இயக்கத்தை நேசிப்பவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் தாண்டிவிடுகிறார்கள். தாண்டக் கூடாது. ஒருவரின் கழுத்தில் கைவைத்து வாங்கும் ராஜினாமாவில், பண்ணைவீட்டில் வைத்து வாங்கிய ஆதரவில் இருந்த அதே அழுக்கு கொஞ்சம் ஒட்டிக்கொள்கிறது.

மறுபக்கத்துக் கணக்கு இன்னும் கொடியது. இந்தப் போராட்டத்தில் இறந்தவர்கள் ஏறத்தாழ 100 பேர். காயம்பட்டவர்கள் ஆயிரத்துக்கும் மேல். கைதானவர்கள் 8,000க்கும் மேல். மெஸ் பில்லைக் குறைத்திருந்தால் முடிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் ஜனவரி முதல் வாரத்திலேயே யாராவது ஒரு பொறுப்புள்ளவர் அந்த மாணவர்களை உட்காரவைத்துக் காதுகொடுத்துக் கேட்டிருந்தால், அந்த 100 வீடுகளில் எத்தனை வீடுகளில் விளக்கு அணையாமல் இருந்திருக்கும்?

*

95 கடிதங்கள் வந்த பிறகும் டெல்லி அசையவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு சபையைத் தெருவின் நெருக்கடிக்குப் பயந்து கலைத்தால், நாளைக்கு ஒவ்வொரு மாநிலத்திலும் இதே வழியைப் பிடிப்பார்கள் என்பது இந்திரா காந்தி தரப்பின் வாதம். வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அதைச் சொல்லும் தகுதியைப் பஞ்சவடியிலேயே தொலைத்துவிட்டார்கள்.

அப்போதுதான் 78 வயது முதியவர் ஒருவர் களத்தில் இறங்கினார். மொரார்ஜி தேசாய். ஒருகாலத்தில் இந்திராவின் துணைப் பிரதமர், இப்போது எதிரணியில். மகாகுஜராத் காலத்தில் பம்பாய் மாநில முதல்வராக இருந்து மாணவர்களின் கோபத்தைச் சம்பாதித்தவரும் அவரே. மார்ச் இரண்டாம் வாரத்தில், சட்டசபையைக் கலைக்கும்வரை உண்ண மாட்டேன் என்று உட்கார்ந்தார்.

சில நாள்தான். மார்ச் மாதத்தின் நடுவில் குஜராத் சட்டசபை கலைக்கப்பட்டது.

இளைஞர்கள் வென்றுவிட்டார்கள். சட்டத்தில் இல்லாத ஒரு வழியை உடல்பலத்தாலும் உயிர்ப்பலியாலும் வெட்டித் திறந்தார்கள். ஆனால் வெற்றிக்கு மறுநாளே ஒரு கேள்வி அவர்கள் முன்னால் வந்து நின்றது. அதற்கு அவர்களிடம் பதில் தயாராக இல்லை.

நாற்காலி காலி. இனி அதில் யார்?

கட்சிகள் வேண்டாம் என்றவர்கள் கட்சிகளுக்கு மாற்றாக எதையும் கட்டியிருக்கவில்லை. கடைசிக் கட்டத்தில் சபையைக் கலைக்க வைத்ததே ஒரு கட்சித் தலைவரின் உண்ணாவிரதம்தான். தேர்வு நெருங்கியது. மாணவர்கள் வகுப்புக்குத் திரும்பினார்கள். குழு பிளவுபட்டது. தேர்தல் ஓராண்டுக்கு மேல் தள்ளிப்போனது. அதை நடத்தச் சொல்லி மொரார்ஜி 1975 ஏப்ரலில் இன்னொரு முறை உண்ணாவிரதம் இருக்க வேண்டிவந்தது. ஜூன் 10 அன்று நடந்த அந்தத் தேர்தலில் காங்கிரஸ் தோற்று, ஜனதா முன்னணியின் பாபுபாய் படேல் முதல்வரானார். ஆனால் முன்னணிக்குப் பெரும்பான்மை இல்லை. தனிக்கட்சி தொடங்கி 12 இடங்களை வென்றிருந்த ஒருவரின் ஆதரவோடுதான் அந்த அரசு அமைந்தது. யார் அவர் என்று கேட்கிறீர்களா? சிமன்பாய் படேல்! யாரைத் துரத்த 100 உயிர்கள் போயினவோ, அவர் இல்லாமல் புதிய அரசுக்கு எண்ணிக்கை வரவில்லை. 1990இல் அவர் மறுபடியும் முதல்வராகவே வந்து அமர்ந்தார்.

இடிக்கிற வேலைக்குக் கோபம் போதும். கட்டுகிற வேலைக்குக் கிராமம் கிராமமாக ஆட்கள் வேண்டும், ஆண்டுக்கணக்கில் பொறுமை வேண்டும். கட்சிகளிடம் அந்த இரண்டும் எப்போதும் கையிருப்பில் இருக்கின்றன. அதனால்தான் இளைஞர்கள் காலி செய்த இடத்தில் அவை திரும்ப வந்து உட்கார்ந்துகொள்கின்றன. குஜராத் மாணவர்கள் தோற்றுப்போனார்கள் என்று இதற்குப் பொருளல்ல. பாதி வேலையில் வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்று பொருள். மீதிப் பாதியை எப்படிச் செய்வது என்று சொல்லித்தர அன்று அவர்களுக்கு யாரும் இல்லை.

அப்படி ஒருவரைத் தேடிப் புறப்பட்டார்கள் வேறொரு மாநிலத்தின் மாணவர்கள்.

*

குஜராத் சட்டசபை கலைந்த சில நாள்களிலேயே, 1974 மார்ச் 18 அன்று, பாட்னா. பீகார் சட்டசபையின் கூட்டத்தொடர் தொடங்கும் நாள். ஆளுநர் உரையாற்றக் கூடாது என்று மாணவர்கள் சட்டசபையை முற்றுகையிட்டார்கள். பிப்ரவரியிலேயே ஒன்றுகூடி 'சாத்ர சங்கர்ஷ சமிதி' என்ற போராட்டக் குழுவை அவர்கள் அமைத்திருந்தார்கள். பாட்னா பல்கலைக்கழக மாணவர் சங்கத்தின் தலைவர், கிராமத்திலிருந்து வந்த ஓர் இளைஞர். பெயர், லாலு பிரசாத் யாதவ்.

குஜராத்தில் மூன்று மாதத்தில் நடந்தது பாட்னாவில் ஒரே பகலில் நடந்தது. தடியடி, கண்ணீர்ப்புகை, துப்பாக்கிச் சூடு. 'சர்ச்லைட்' நாளிதழின் அலுவலகம் தீயில் எரிந்தது. பலர் உயிரிழந்தார்கள். முதல்வர் அப்துல் கஃபூரின் அரசு பதவி விலக மறுத்தது.

மாணவர் தலைவர்கள் அரண்டுபோனார்கள். கூட்டம் கைமீறிப் போவதைக் கண்ணெதிரே பார்த்துவிட்டார்கள். இதை யாராவது பிடித்து நிறுத்தாவிட்டால் அரசும் மிச்சமிருக்காது, இயக்கமும் மிச்சமிருக்காது. யாரிடம் போவது? எந்தக் கட்சித் தலைவரிடம் போனாலும் இயக்கத்தை அவர் தன் பையில் போட்டுக்கொள்வார்.

பாட்னாவின் கதம்குவான் பகுதியில் ஒரு வீடு. அங்கே 71 வயதான ஒருவர் இருந்தார். 1942இல் ஹஜாரிபாக் சிறையின் மதில் ஏறிக் குதித்துத் தப்பியவர். நேருவுக்குப் பிறகு யார் என்ற கேள்வி வந்தபோதெல்லாம் பேசப்பட்ட பெயர்களில் ஒன்று அவருடையது. கட்சி அரசியலே வேண்டாம் என்று 1950களிலேயே விலகி வினோபாவின் பூதானப் பணிக்குப் போனவர். முந்தின ஏப்ரலில் மனைவி பிரபாவதியைப் பறிகொடுத்திருந்தார். உடல்நிலையும் சரியில்லை. ஆனால் டிசம்பரில்தான், ஜனநாயகத்தைக் காக்க இளைஞர்கள் முன்வர வேண்டும் என்று அவர் ஓர் அழைப்பு விடுத்திருந்தார். பிப்ரவரியில் குஜராத்துக்கே போய் அந்த மாணவர்களைப் பார்த்துவிட்டும் வந்திருந்தார். இருட்டில் தேடிக்கொண்டிருந்த தனக்கு வழி தெரிந்தது அங்கேதான் என்று பின்னாளில் எழுதினார்.

ஜெயப்பிரகாஷ் நாராயண்.

எந்தக் கட்சியையும் நம்பாத மாணவர்கள், எல்லாக் கட்சிகளையும் விட்டு விலகிய முதியவரிடம் வந்தார்கள். 'நீங்கள் தலைமை ஏற்க வேண்டும்.'

ஜே.பி. உடனே சரி என்று சொல்லவில்லை. நிபந்தனைகள் விதித்தார். அவற்றில் ஒன்று அந்த இளைஞர்களின் கையைக் கட்டிப்போடக்கூடியது. இன்னொன்று பீகாரைத் தாண்டி டெல்லியின் அஸ்திவாரத்தையே அசைக்கக்கூடியது.

மாணவர்கள் அவற்றை ஏற்றார்களா? ஏற்ற ஒரே மாதத்தில், இயக்கம் உச்சத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது, ஜே.பி. பாட்னாவை விட்டு நம் வேலூருக்கு வந்தாரே, ஏன்?

அடுத்த வாரம்...

(தொடரும்)